கஜாவுக்கு முன்னும் பின்னும்: பள்ளத்தூர் வீட்டுக்குக் காப்பீடு கட்டிய அனுபவம்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் மாமனார் வழி வீட்டுக்கு 2016 முதல் காப்பீடு கட்டிவருகிறோம். நடுவில் நிறுவனம் மாறியது, பாலிசியின் வகையும் மாறியது, ஒரு வருஷம்கூட விட்டது கிடையாது. 'செட்டிநாட்டு வீட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பணம் வருமா, பிரீமியம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பணம் வரும், கேட்டதெல்லாம் வராது. பிரீமியம் ஏறுவதற்கும் பள்ளத்தூர் மழைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

முதலில் பணம் வந்த கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு, சிவகங்கை, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. தென்னந்தோப்பு இழந்தவர்களோடு பார்த்தால் எங்களுடையது ஒன்றுமேயில்லை. கொல்லைச் சுவர்மேல் ஒரு வேப்பமரம் சாய்ந்தது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நாட்டு ஓடுகள் பறந்து, மழை உள்ளே இறங்கி, அறைகளின் மரக்கூரை ஊறிப்போனது.

சேதத்தை மதிப்பிடச் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், ஏணியில் ஏறியே பார்த்தார். சுவருக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓட்டுக்கு வந்ததும் தயங்கினார்: 'இது புயலில் போனதா, முன்னமே நகர்ந்திருந்ததா?' நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கொத்தனார் முந்திக்கொண்டார். "ஆச்சி, தெக்கால போனதுதான் காத்துல போன ஓடு. வடக்கால இருக்கிறது குரங்கு போட்டதுல்ல!" அத்தோடு வடக்குப் பக்கம் கணக்கிலிருந்து போயிற்று. கொத்தனார் சொன்னது உண்மைதான், கோபித்துப் பயனில்லை.

ஓட்டு வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். புயல், வெள்ளம், இடி என்று ஒரு சம்பவம் இருந்தால் காப்பீடு உண்டு. நாள்பட்ட தேய்மானத்துக்கும் மெதுவாக இறங்கும் கசிவுக்கும் கிடையாது. நாட்டு ஓட்டைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை பிரித்து மேய்ந்தாக வேண்டும். அதைச் செய்ததற்குப் பில்லும் படமும் இல்லையென்றால், எந்தப் புயலையும் தேய்மானக் கணக்கில் தள்ளிவிட முடியும். இப்போது ஐப்பசி பிறக்கும் முன்பே கூரையைத் தேதியோடு படம் எடுத்து வைத்துவிடுகிறேன். கரண்ட் திரும்பி வந்தபோது எரிந்த இன்வெர்ட்டருக்கும் பணம் வரவில்லை. மின்சாரக் கோளாறில் அந்தச் சாதனத்துக்கே ஏற்படும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

தொகை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களிடம் அப்போது இருந்தது பழைய மாதிரித் தீ விபத்துப் பாலிசி. அதில் வீட்டின் மதிப்பு 80 லட்சம், காப்புத் தொகை 40 லட்சம் என்றால், பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்று 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். அதிலும் கட்டடத்தின் வயதுக்கு ஒரு கழிவு. நூறு வயது வீட்டுக்கு வயதுக் கழிவு போட்டால் என்ன மிஞ்சும்?

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று சொன்னது. வாசகம் எங்கும் ஒன்றுதான், விலை மட்டும் அவரவர் இஷ்டம். நாங்கள் உடனே மாறினோம். குறைத்துக் காப்பீடு செய்ததற்காகப் பணத்தை வெட்டும் வேலை இதில் இல்லை. புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் உள்ளேயே அடக்கம். சம்பவம் நடந்த 7 நாளுக்குள் திருட்டுப் போனாலும் உண்டு. புயலுக்குப் பின் இருட்டில் கிடக்கும் பூட்டிய வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒன்றுதான் நமக்குப் பொருந்தாது. காப்புத் தொகையை உள்பரப்பு பெருக்கல் கட்டுமானச் செலவு என்று போடுகிறார்கள். 6,000 சதுர அடிக்கு அடி 2,500 ரூபாய் வைத்தால் ஒன்றரைக் கோடி. அது இன்றைய சிமெண்ட் வீட்டுக் கணக்கு. ஆத்தங்குடிக் கல் இன்றும் கிடைக்கும். பர்மா தேக்குத் தூணை எந்தக் கடையில் வாங்குவது? சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் பொறியாளரிடம் தனி மதிப்பீடு வாங்கிக் கூடுதல் தொகைக்கு எடுத்தோம். பிரீமியம் கூடியது, பரவாயில்லை. இதற்கு நடுவே ஒரு நிறுவனம் வீட்டின் வயதைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டது. வெள்ளிச் சாமான், தஞ்சாவூர்ப் படம் எல்லாம் இந்தத் தொகைக்குள் வராது, அவற்றுக்குத் தனியாக மதிப்பு ஒத்துக்கொண்டு எழுத வேண்டும்.

அப்புறம் விலையேற்றம். ஆரம்பத்தில் கட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இப்போது கட்டுகிறோம். அதில் பாதி நாங்களே தொகையைக் கூட்டியதால் வந்தது. மீதி கடற்கரையிலிருந்து வருகிறது. காப்பீட்டு நிறுவனம் தன் பாரத்தின் ஒரு பங்கை மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்றிவிடும். நம் நாட்டில் முக்கியமானது அரசின் ஜிஐசி ரீ. 2011 தானே புயல், 2015 சென்னை வெள்ளம், 2016 வர்தா, கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம், அதே மாதம் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய காயல்பட்டினம் என்று இழப்புகள் சேரச் சேர மறுகாப்பீட்டு விலை ஏறும். அது எல்லாருடைய புதுப்பித்தல் நோட்டீசிலும் சிறிது சிறிதாக இறங்கும். நம் வீடுகள் உயர்ந்த மேடைமேல் கட்டியவை, தண்ணீர் ஊரணிக்குப் போய்விடும். நம் முன்னோர் பூம்புகாரைக் கடல் கொண்டபின் இங்கே வந்தவர்கள் என்பதால்தான் இப்படி உயர்த்திக் கட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக வெள்ளத்துக்குத் தள்ளுபடி கேட்டுப் பார்த்தேன். ஏஜென்ட் சிரித்தார்.

ஏறினாலும் நம்முடையது மலிவு என்பதை மகளிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். அவள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். அங்கே வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக வாங்க வேண்டும். சூறாவளி என்றால் காப்புத் தொகையில் குறிப்பிட்ட சதவீதம் வரை சேதத்துக்கு நம் கைக்காசு. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் அவள் தலையில்தான். தனியார் நிறுவனங்கள் கைவிட்டவர்களுக்கென்றே அங்கே அரசு ஆதரவில் ஒரு நிறுவனம் நடக்கிறது. அவள் பிரீமியத்தைக் கேட்டபின் நான் புலம்புவதை நிறுத்திவிட்டேன். நமக்கு 18 சதவீத ஜிஎஸ்டிதான் கடுப்பு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு எடுக்கவில்லை.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பழைய பாலிசியில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்றே இருந்தது. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகளுக்கு இது பெரிய ஓட்டை. வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மாதம் பூட்டியிருக்கும் என்பதை எழுத்தில் கொடுத்து, ஒப்புதலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்ப்பேச்சு போதாது.

வருஷா வருஷம் ஏறும் விலையிலிருந்து தப்ப, அடுத்த முறை பத்து வருஷப் பாலிசியாக எடுக்கலாம் என்று இருக்கிறோம். இந்தப் பாலிசியில் அது முடியும். ஆண்டுக்கு 10 சதவீதம் கட்டடத் தொகை தானாகக் கூடும், அதற்குத் தனிப் பணம் கிடையாது. பட்டா இன்னும் அப்பச்சி பெயரில் இருப்பதால் பங்காளிகள் எல்லாரும் சம்மதக் கடிதம் தர வேண்டும், இழப்பீட்டை யார் பெயரில் வாங்குவது என்றும் அதிலேயே எழுதியாக வேண்டும். மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். பினாங்கில் இருப்பவரிடமிருந்து இன்னும் வரவில்லை.