ஆண்டிவைரஸால் பூட் ஆகாத கம்ப்யூட்டர்: சேஃப் மோடா, ரீஸ்டோரா, கமாண்ட் பிராம்ப்டா, ஃபார்மட்டா?

ஆண்டிவைரஸ் அப்டேட் ஆன கையோடு கம்ப்யூட்டர் எழாமல் நின்றால், பல சர்வீஸ் கடைகளில் வரும் முதல் பதில், "ஃபார்மட் பண்ணிடலாம்." பண்ணினால் சரியாகிவிடும், சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் தீர்ந்துவிடக்கூடிய கோளாறுக்கு மொத்த விண்டோஸையும் துடைத்தெடுப்பது அநியாயம். கடைக் கணக்கு, பிள்ளைகளின் புராஜெக்ட், வருஷக்கணக்கில் சேர்த்த போட்டோக்கள் எல்லாம் அதோடு போகும். நஷ்டம் குறைந்த வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்பது ஆண்டிவைரஸ் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதனால் முதலில் கோளாறைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஒரு வகையில் ஆண்டிவைரஸின் டிரைவரே (விண்டோஸோடு ஒட்டி ஓடும் சின்ன மென்பொருள்) கவிழ்ந்து விண்டோஸையும் சேர்த்துக் கவிழ்க்கிறது. 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது இதைத்தான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இந்திய நேரம் காலை 9:39 மணிக்கு 'சேனல் ஃபைல் 291' என்ற சின்ன அப்டேட்டை அனுப்பியது. கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் கையில் வைத்திருந்தது 20 உள்ளீடுகள். புது ஃபைல் 21-வதைத் தேடியது. இல்லாத இடத்தைப் படிக்கப்போய் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் விழுந்தது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. இங்கே இண்டிகோ கவுண்டர்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இத்தனைக்கும் விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்றுகூடக் கெடவில்லை. டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் அந்த ஒரு ஃபைலை நீக்கினால் போதும், கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

இன்னொரு வகை அதைவிட மோசம். ஆண்டிவைரஸ் விண்டோஸின் ஃபைலையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கிவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் 5958-ஆம் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் 'எஸ்விசிஹோஸ்ட்' ஃபைலை அப்படித்தான் தூக்கியது. கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன, நெட்வொர்க்கும் போனது. 2008 நவம்பரில் ஏவிஜி, எக்ஸ்பியின் 'யூசர்32' ஃபைலை வைரஸ் என்று காட்டியது. இந்த வகையில் ஆண்டிவைரஸை நீக்குவதால் மட்டும் பயனில்லை. போன ஃபைல் திரும்பி வரவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்தால், பிடித்துவைத்த ஃபைல்கள் இருக்கும் குவாரன்டைனும் பல நேரம் சேர்ந்தே அழிந்துவிடும். முதலில் குவாரன்டைனில் இருந்து ஃபைலை மீட்டெடுங்கள், நீக்குவது அப்புறம்.

மூன்றாவதாக, இரண்டுமே தனித்தனியாக ஒழுங்காக இருக்கும், சேர்ந்தால் மட்டும் முட்டிக்கொள்ளும். 2019 ஏப்ரல் 9 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டைப் போட்டதும் சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா, ஆர்க்காபிட் இருந்த விண்டோஸ் 7, 8.1 கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட்டில் உறைந்தன. அந்த அப்டேட் அவற்றுக்குப் போகாமல் மைக்ரோசாஃப்ட் தடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் நின்றுபோகும்போது வரும் பிழைத் திரையான ப்ளூ ஸ்கிரீனின் அடியில் ஒரு டிரைவர் ஃபைலின் பெயர் இருந்தால் பெரும்பாலும் முதல் வகை. லாகின் வரை வந்து டாஸ்க்பார் இல்லை, நெட் இல்லை, அல்லது ஏதோ ஃபைல் காணவில்லை என்ற செய்தி என்றால் இரண்டாம் வகையாக இருக்கலாம். ஆண்டிவைரஸோடு விண்டோஸ் அப்டேட்டும் அதே நாளில் வந்திருந்தால் மூன்றாவதைச் சந்தேகிக்கலாம்.

எதற்கும் முன்பு ஒன்றைச் செய்து பாருங்கள். லாகின் திரை வரை வருகிறது என்றால், அங்கிருந்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8-இல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருப்பதால், ஷட்டவுன் செய்தாலும் கெர்னலின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுபடி அப்படியே ஏற்றப்படுகிறது. சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே வரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

லாகின் வரைகூட வரவில்லை என்றால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரெக்கவரி திரை தானாக வரும். அங்கே முதலில் கண்ணில் படும் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பூட் ஃபைல்கள் கெட்டிருந்தால் உதவும். ஆண்டிவைரஸ் டிரைவர் விவகாரத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஒருமுறை ஓடவிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

சேஃப் மோடும் கமாண்ட் பிராம்ப்டும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். எனக்கு எப்போதும் சேஃப் மோட்தான் முதல் தேர்வு. அதில் விண்டோஸ் தனக்கு அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். ஆண்டிவைரஸ் பெரும்பாலும் வெளியே நிற்கும். நமக்குப் பழகிய திரை, மவுஸ் எல்லாம் இருக்கும். ஃபைல்களை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் திருத்த இடமுண்டு.

ஆனால் சில தொந்தரவுகள் உண்டு. கண்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் அழுத்தினால் பல நேரம் பிழைச் செய்திதான் வரும். மென்பொருளைப் போடவும் நீக்கவும் பின்னணியில் ஓடும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாததே காரணம். இதற்காகத்தான் நிறுவனங்களே தனி நீக்கும் கருவி தருகின்றன: அவாஸ்ட் கிளியர், ஏவிஜி கிளியர், ஈசெட் அன்இன்ஸ்டாலர், காஸ்பர்ஸ்கியின் காவ்ரிமூவர், மெக்காஃபியின் எம்சிபிஆர். வேறு கம்ப்யூட்டரில் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தே இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு 'இலவச ரிமூவர்' வேண்டாம். அப்புறம், வழக்கமாகப் போடும் பின் நம்பர் சேஃப் மோடில் சில கம்ப்யூட்டர்களில் எடுபடாமல் போகலாம்; மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்க வேண்டும்.

2019 மாதிரி மோதல் என்றால் ஆண்டிவைரஸை நீக்கவே தேவையில்லை. சோஃபோஸ் சிக்கலில் மாட்டியவர்கள் சேஃப் மோடில் அதன் சர்வீஸை மட்டும் நிறுத்தி, சாதாரணமாக பூட் செய்து, விண்டோஸ் அப்டேட்டைக் கழற்றி, சர்வீஸை மறுபடி ஓடவிட்டார்கள். ரெக்கவரி திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று தனியாகவே ஒரு வழியும் இப்போது இருக்கிறது.

சேஃப் மோடே வரவில்லை என்றால்தான் கமாண்ட் பிராம்ப்ட். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 'நோட்பேட்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள், நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், டிஸ்க் முழுவதையும் கண்ணால் பார்க்கலாம். அந்தச் சின்ன ஜன்னலிலேயே வலது கிளிக் செய்து பெயர் மாற்றலாம், ஃபைல்களை பென்டிரைவுக்குக் காப்பி செய்யலாம். உங்கள் சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம். உள்ளே 'யூசர்ஸ்' ஃபோல்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று உள்ளே போய், ப்ளூ ஸ்கிரீன் காட்டிய ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஏதாவது எழுத்துச் சேர்த்து மாற்றிவிடுங்கள். அழிக்காதீர்கள். பெயர் மாற்றியதை ஒரு நிமிடத்தில் திருப்பிவிடலாம், அழித்ததைத் திருப்ப முடியாது.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்கி முடக்குவது இன்னும் ஒழுங்கான முறை. வெளியில் இருந்து ஏற்றிய ரெஜிஸ்ட்ரியில் 'கரண்ட் கண்ட்ரோல் செட்' என்பது இருக்காது, 'கண்ட்ரோல் செட் 001' தான் இருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. சில ஆண்டிவைரஸ் டிரைவர்கள் கீபோர்டுக்கும் டிஸ்குக்கும் மேலே வடிகட்டியாகத் தங்களைப் பதிவு செய்துவைத்திருக்கும். அந்தப் பதிவை நீக்காமல் டிரைவரை மட்டும் முடக்கினால், கீபோர்டு செத்துப்போகும். அல்லது பூட் டிஸ்கே கிடைக்கவில்லை என்று புது ப்ளூ ஸ்கிரீன் வரும். அப்படி வந்தால் பெயரைத் திருப்பி வைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. நிறுவனத்தின் நீக்கும் கருவி இந்தப் பதிவுகளையும் சேர்த்து எடுக்கும்படி எழுதப்பட்டது. சேஃப் மோடை நான் முன்னால் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாம் வகைக் கோளாறில் மட்டும் கணக்கு மாறும். குவாரன்டைனில் இருந்து மீட்க முடியாவிட்டால், கமாண்ட் பிராம்ப்டில் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓடவிடுவதே நேர்வழி. காணாமல் போன விண்டோஸ் ஃபைலை விண்டோஸே தன் சேமிப்பில் இருந்து எடுத்து வைத்துக்கொள்ளும்.

சிஸ்டம் ரீஸ்டோர்

கமாண்ட் எல்லாம் கைவராது என்பவர்களுக்கு இருப்பதிலேயே சுலபமானது. சொந்த ஃபைல்களைத் தொடாமல் டிரைவர்களையும் ரெஜிஸ்ட்ரியையும் பழைய தேதிக்குக் கொண்டுபோகும். ஆனால் விண்டோஸ் ஓடும்போதே கொடுத்தால், ஆண்டிவைரஸின் தற்காப்பு வசதி தன் ஃபைல்களை மாற்றவிடாமல் தடுத்து, ரீஸ்டோர் தோற்றுப்போகலாம். ரெக்கவரி திரையில் இருந்து கொடுத்தால் அப்போது ஆண்டிவைரஸ் ஓடாது, அதனால் தடையும் இல்லை. ஆக, அங்கிருந்தே செய்யுங்கள். குறை ஒன்றுதான்: பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆஃப் ஆகியே கிடக்கிறது. ரீஸ்டோர் பாயின்ட் இல்லை என்று வந்தால் அதோடு கதை முடிந்தது.

பிட்லாக்கர் குறுக்கே வந்தால்

பிட்லாக்கர் என்பது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அது ஆன் ஆகி இருந்தால், மேலே சொன்ன எந்த வழிக்குப் போனாலும் நீல நிறத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால், ஹோம் பதிப்பில்கூட டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே இந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரிகிறது. கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி துறையிடம் இருக்கும்.

கிரவுட்ஸ்ட்ரைக் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மீட்புக் கருவியில், சேஃப் மோட் வழியாகப் போனால் சில கம்ப்யூட்டர்களில் கீ இல்லாமலே வேலை முடிந்தது. பூட் அமைப்பையே சேஃப் மோடுக்கு மாற்றிவிட்டால் டிஸ்க் வழக்கம்போலத் தானாகத் திறந்துகொள்வதுதான் அதன் சூட்சுமம். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் வேண்டும். கமாண்ட் பிராம்ப்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கீ இல்லாமல் அதில் டிஸ்குக்குள் நுழையவே முடியாது.

மிச்சமிருக்கும் இரண்டு

லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்வது ரிப்பேருக்கு அல்ல, ஃபைல்களைக் காப்பாற்றுவதற்கு. அந்த வேலைக்கு அருமையானது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பகுதி படிக்க மட்டுமே திறக்கலாம். காப்பி எடுக்க அது போதும்.

அதற்குப் பிறகும் வழியில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி', அதிலும் 'கீப் மை ஃபைல்ஸ்'. போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் இருக்கும். போட்டு வைத்திருந்த மென்பொருள்கள் அத்தனையும் போகும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே டேட்டாவை வைக்கும் பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது இருந்தால், அந்த டேட்டாவும் அதோடு போகும். கடைக்காரரிடம் கொடுக்கும்போது, "ஃபார்மட் வேண்டாம், முதலில் சேஃப் மோடில் ஆண்டிவைரஸை எடுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் டேட்டாவை எடுத்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள்" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் எழுந்த பிறகு அதே ஆண்டிவைரஸை உடனே திரும்பப் போட அவசரம் எதுவும் இல்லை. அதை நீக்கியதும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கியதை விடமுடியாது என்றால், நிறுவனம் சரிசெய்த பதிப்பை வெளியிட்டதா என்று பார்த்துவிட்டு, புதிதாக இறக்கிப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் சிஸ்டம் ரீஸ்டோரை ஆன் செய்து ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துவைத்து, அந்த 48 இலக்கக் கீயையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.