கனமான கதவும் கதவில்லாத அரங்கும்: ஒரு திரைக்கல்வி மையத்தில் நான்கு ஆண்டுகள்

நான் சக்கர நாற்காலியில் வருகிறவன். படத்தொகுப்பு வகுப்பு எடுக்கவும் திரையிடல்களுக்குமாக வாரத்தில் மூன்று நாள் இந்தப் பொதுத் திரைக்கல்வி மையத்துக்குப் போய்வர ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. திறந்த புதிதில் 'பசுமைக் கட்டடம்', 'அனைவருக்குமான கட்டடம்' என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நானும்தான் புகழ்ந்தேன். சில மழைக்காலம் பார்த்து, லிஃப்ட் ஒருமுறை நின்றுபோன பிறகு எழுதுவது இது.

முதலில் சரிவுப்பாதை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதாவது 1:12, என்பதுதான் பல நாட்டு விதிகள் அனுமதிக்கும் உச்சச் சரிவு. பெரும்பாலான கட்டடங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். ஏறி முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும். இங்கே 1:20. அதைவிட முக்கியம், அது பக்கவாட்டில் ஒளிந்துகொண்டில்லை, பிரதான வாசலே அதுதான். கேமரா டிராலி தள்ளுகிறவர்கள், லைட் ஸ்டாண்டு தூக்குகிறவர்கள் எல்லாரும் அதிலேயே வருகிறார்கள். இத்தனை வருடத்தில் அதற்குப் பழுது என்று ஒன்று வந்ததில்லை.

அப்படியே கொஞ்ச தூரம் போனால் பெரிய அரங்கின் கதவு. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், அதனால் கதவு கனம். ஒன்றல்ல, இரண்டு, நடுவில் ஒரு சின்ன அறை. மூடும்போது அடியில் ரப்பர் பட்டை இறங்கித் தரையை அடைத்துக்கொள்ளும். உள்கதவைத் திறக்க 22 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது அமெரிக்க அணுகல் விதி. கையில் சுமார் இரண்டேகால் கிலோ பிடிப்பது போல. ஒலித்தடுப்புக் கதவு இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காது. அதற்காகத்தான் தானியங்கிப் பொத்தான் வைத்தார்கள். எட்டு மாதம் வேலை செய்தது. பிறகு பொத்தான் மேல் 'பழுது' என்று ஒரு தாள், அதுவும் பழுப்பேறும்வரை ஒட்டியே இருந்தது. ஒருநாள் முதல் கதவு என் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது, இரண்டாவதை இழுக்க நாற்காலியைப் பின்னால் நகர்த்த இடமில்லை. உள்ளே படம் ஓடுகிறது, நான் இருட்டில் உட்கார்ந்து மாணவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். "சார், எங்க இருக்கீங்க?" என்கிறான். என்ன சொல்வது?

சின்ன அரங்குக்குக் கதவே கிடையாது. இரண்டு முறை திரும்பும் ஒரு நடைவழி, சுவரெல்லாம் கறுப்பு, கம்பளிப் பலகை பதித்தது. வெளிச்சம் திருப்பத்தில் செத்துவிடுகிறது. சத்தம் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் அங்கே பழுதாக எதுவுமில்லை.

பெரிய அரங்கின் காற்றோட்டத்தைத்தான் கட்டடக் கலைஞர்கள் அதிகம் மெச்சுவார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று மெதுவாக வரும், நம் உடல் சூட்டில் தானாக மேலே போகும். மின்விசிறி வேகம் குறைவு, மின்சாரம் மிச்சம், இரைச்சலும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் தரையோரம்தான் அரங்கிலேயே குளிரான இடம். முதுகுத்தண்டு அடிபட்ட என் போன்றவர்களுக்குக் காலில் குளிர் உறைக்காது. இடைவேளையில் கையை வைத்துப் பார்த்தால் பாதம் ஐஸ் மாதிரி இருக்கும். இதை வரைபடத்தில் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை. நாங்கள் சொல்லாமல் தெரியவும் தெரியாது.

செவிக்கருவி வைத்திருக்கும் மாணவி ஒருத்திக்கு வேறு கதை. அரங்கைச் சுற்றிப் பதித்த கம்பிச்சுருள் ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும்; கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் வசனம் நேராகக் காதுக்குள் வரும். வாசலில் காது படம் போட்ட பலகை முதல் நாளிலிருந்தே உண்டு. அந்தச் சுருளுக்கு ஒலியைக் கொடுக்கும் பெருக்கியை (ஆம்ப்ளிஃபயர்) போடத்தான் ஆளில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கேட்டாள். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு புரொஜக்டரை இயக்குகிறவர் ஒருவர் அந்தப் பெருக்கியைப் புரொஜக்டர் ஸ்விட்சோடு சேர்த்துவிட்டார். படம் ஓடினால் அதுவும் ஓடும். இந்த மையத்தில் நடந்த மிகப் பெரிய வடிவமைப்பு மாற்றம் அதுதான் என்பேன். (பக்கத்து அறைப் படத்தின் வசனம் சில சமயம் கலந்து வருமாம். காந்தப்புலத்துக்குச் சுவர் தெரியாது.)

படத்தொகுப்பு அறைக்குப் பெரிய ஜன்னல், இயற்கை வெளிச்சம். நிறத்திருத்தம் செய்கிறவனுக்கு மங்கலான, மாறாத வெளிச்சம் வேண்டும். மேகம் நகர்ந்தால் திரையில் தோல் நிறமும் மாறித் தெரியும். முதல் மாதமே கறுப்புத் துணி ஒட்டிவிட்டோம். அந்த ஜன்னலை வராந்தாவுக்குக் கொடுத்திருக்கலாம்.

சூரியத்தகடு பகலில்தான் மின்சாரம் தரும், திரையிடலோ மாலையில். ஆனாலும் வகுப்புக் கணினிகள் பகலெல்லாம் அதைத் தின்றுவிடுவதால் வீணாவதில்லை. பழைய புரொஜக்டர்களின் செனான் விளக்கு பெரும்பாலும் 2,000 மணி நேரம் போலத்தான் வரும். இங்கே இப்போதுள்ள லேசர் புரொஜக்டரின் ஒளிமூலம் 20,000 தாண்டும் என்கிறார்கள். இதுவரை குறை இல்லை.

லிஃப்ட் ஒன்றே ஒன்று. நின்ற பதினொரு நாளும் வகுப்பைக் கீழ்த்தள வரவேற்பறையில் நடத்தினோம். மேல்மாடி நூலகத்துப் புத்தகங்களை மாணவர்கள் தூக்கிவந்து கொடுத்தார்கள்.

கதவுப் பொத்தானைப் போன மாதம் சரிசெய்துவிட்டார்கள். போகிறவர்களுக்கு: ஒரே படம் இரண்டு அரங்கிலும் ஓடினால் சின்னதை எடுங்கள். பெரியதுதான் என்றால் நடுவரிசைச் சக்கர நாற்காலி இடத்தைக் கேளுங்கள், பார்வைக்கு அதுவே அருமை. காலுக்கு ஒரு போர்வையும் கொண்டுபோங்கள்.