15-ஐக் கழற்றிவிட்டு 14: ஒரு பல் குறைந்த முன் ஸ்ப்ராக்கெட் எப்படி இருக்கிறது?

பைக்குக்கு வாங்கி மாட்டுகிற பொருட்களில், மாட்டிய அன்றைக்கே வித்தியாசம் தெரிவது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் முன் ஸ்ப்ராக்கெட், அதாவது எஞ்சின் பக்கம் செயினை இழுக்கிற பல் சக்கரம், என்று சொல்லிவிடுவேன். ஏர் ஃபில்டர், சைலன்சர், பிளக் என்று எதை மாற்றினாலும் "கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இது அப்படியில்லை. கிளட்சை விட்டு வண்டி நகர்கிற முதல் சில அடிகளிலேயே தெரிந்துவிடும். நான் மாட்டியிருப்பது 14 பல், இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிய ஸ்டீல் ஸ்ப்ராக்கெட். பொருள் எப்படி என்பதோடு, இந்த மாற்றம் யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி வாய்வழியாகச் சுற்றி வருகிற பேச்சில் பாதி தப்பு.

முதலில் கணக்கு. என் வண்டி ஒற்றை சிலிண்டர், 6 கியர், 520 செயின் (இந்த எண் என்ன என்று பின்னால் சொல்கிறேன்). கம்பெனி கொடுத்தது முன்னால் 15, பின்னால் 45. 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3, அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். முன்னால் 14 போட்டால் அதே கணக்கு 3.21 ஆகிவிடும். வித்தியாசம் சுமார் 7 சதவீதம். ஒன்றாவது கியரிலிருந்து ஆறாவது வரை எல்லாவற்றிலும் இதே 7 சதவீதம்தான், ஒரு கியரில் கூட ஒரு கியரில் குறைய என்று எதுவும் இல்லை. எஞ்சின் அதே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு) ஓடும்போது பின் சக்கரத்துக்குப் போகிற இழுவிசை 7 சதவீதம் கூடுகிறது, அதே ஆர்பிஎம்மில் வேகம் அதற்கேற்ற அளவு குறைகிறது. அவ்வளவுதான் நடப்பது. "ஸ்ப்ராக்கெட் மாத்தினா பவர் ஏறும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எஞ்சின் தருகிற பவர் அதேதான், அது எந்த வேகத்தில் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது என்பது மட்டும் மாறுகிறது.

7 சதவீதம் என்றால் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். ஆனால் 6 கியர் வண்டிகளில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியே பெரும்பாலும் பத்துப் பதினைந்து சதவீதம்தான். அதனால் ஒரு பல் குறைப்பது என்பது எல்லா கியரையும் கிட்டத்தட்ட அரை கியர் கீழே இறக்குவது போல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இப்போது ஓட்டிப் பார்த்தது. நெரிசலில் முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது 15 பல்லில் ஒன்றாவது கியரிலேயே அரை கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், விட்டால் எஞ்சின் திணறி செயின் கடகடவென்று அடிக்கும், இடது கை மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். 14 போட்ட பிறகு அதே ஊர்தலில் கிளட்சை முழுதாக விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டபடி போக முடிகிறது. இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு 3000 ஆர்பிஎம் இருந்த இடத்தில் இப்போது 3200 சொச்சம். இந்த 200 பெரிய விஷயமா என்று கேட்டால், ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பெரிய விஷயம்தான். பெரிய பிஸ்டன், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு, அதனால் 3000-க்குக் கீழே என் எஞ்சின் உதறும், அந்தக் கோட்டைத் தாண்டியதும் வழவழப்பாகிவிடும். நான் தினமும் ஓட்டுகிற வேகம் சரியாக அந்தக் கோட்டின் தப்பான பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது, ஒரு பல் அதைச் சரியான பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. இரண்டு சிலிண்டர், நான்கு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த லாபம் இவ்வளவு பளிச்சென்று தெரியாமல் போகலாம்.

மேடு ஏறும்போதும் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு கியர் இறக்க வேண்டிய இடங்கள் குறைந்துவிட்டன. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் அதே அளவு கூடியிருக்கிறது, வளைந்து வளைந்து இறங்குகிற சாலையில் பிரேக்கைத் தொடாமலேயே வேகத்தைப் பிடித்து வைக்க முடிவது எனக்கு ரொம்பப் பிடித்தது. மண் சாலையில், கல் சாலையில் நின்றுகொண்டு ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் பயன்படும்.

சரி, கொடுக்கிற விலை என்ன? ஒன்றாவது கியர் சட்டென்று முடிந்துவிடுகிறது. சிக்னலில் புறப்பட்டால் சாலையின் நடுவுக்குப் போவதற்குள் இரண்டாவது கேட்கும். ஒன்றாவதில் ஆக்சிலேட்டரைத் திறந்து மூடும்போது வருகிற வெட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு, அது நீளமான, நேரான சாலையில் வருகிற அதிர்வு. 100-ல் ஆறாவது கியரில் போகும்போது முன்பு 5600 காட்டிய இடத்தில் இப்போது 6000 காட்டுகிறது. என் வண்டியில் 6000 பக்கம் போனால் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு அதிர்வு வரும், முன்பு 107-ல் வந்தது, இப்போது 100-லேயே வந்துவிடுகிறது. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் என்றால் இந்த ஒரு காரணம் போதும், 15-லேயே இருங்கள். அதிக ஆர்பிஎம்மில் ஓடுவதால் நெடுஞ்சாலையில் பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

பெட்ரோல் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். "ஒரு பல் குறைச்சேன், மைலேஜ் குறையவே இல்லை, கூடத்தான் செஞ்சது" என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய மீட்டர் பொய் சொல்கிறது. வேகத்தைப் படிக்கிற சென்சார் சில வண்டிகளில் சக்கரத்தில் இருக்கும், சிலவற்றில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால் அதற்கு ஸ்ப்ராக்கெட் மாறியது தெரியாது, பழைய கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். மீட்டரில் 100 என்று காட்டும்போது நிஜத்தில் 93 தான் போவீர்கள் (மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால்). ஓடோமீட்டரும் அதே 7 சதவீதம் கூட எண்ணும், அதை வைத்து மைலேஜ் போட்டால் கூடத்தானே வரும். பல்லைக் கூட்டினால் இது தலைகீழ், மீட்டர் காட்டுவதை விட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், அது நிஜமாகவே ஆபத்து. என் வண்டியில் சென்சார் முன் சக்கரத்தில் இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆர்பிஎம்மையும் வேகத்தையும் ஒப்பிட்டு எந்த கியர் என்று ஊகித்துக் காட்டுகிற டிஸ்ப்ளே இருந்தால் அதுவும் தடுமாறலாம், வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டாப் ஸ்பீடுக்காக 16 போடலாமா என்கிற கேள்வி. பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு என் பதில், வேண்டாம். வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்ப்பதற்கு வேண்டிய பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. கம்பெனி கொடுத்த ஸ்ப்ராக்கெட்டிலேயே ஆறாவது கியரில் சிவப்புக் கோட்டை, அதாவது எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்மைத் தொட முடியாத வண்டிக்கு 16 போட்டால், எஞ்சின் தன் முழு பவர் வருகிற ஆர்பிஎம்முக்கு இன்னும் தூரமாகப் போய்விடும், உச்ச வேகம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். நெடுஞ்சாலையில் நிதானமாக, குறைந்த ஆர்பிஎம்மில் போக வேண்டும், இழுவை மிச்சமும் இருக்கிறது என்றால் மட்டும் 16-க்கு அர்த்தம் உண்டு. இட வசதியும் பார்க்க வேண்டும். 520 செயினில் ஒரு பல் கூடினால் ஸ்ப்ராக்கெட்டின் குறுக்களவு 5 மில்லிமீட்டர் கூடும், சில வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கிற கவருக்குள் அந்த இடம் இருக்காது.

பொருளுக்கு வருகிறேன். வாங்கும்போது பல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், செயின் நம்பர் பொருந்த வேண்டும். 428, 520, 525, 530 என்கிற எண்களில் முதல் இலக்கம் பிட்ச், அதாவது செயினில் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவில் உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. 4 என்றால் அரை அங்குலம், 12.7 மிமீ. 5 என்றால் 15.875 மிமீ. அடுத்த இரண்டு இலக்கம் அகலம். 520-க்கும் 525-க்கும் பிட்ச் ஒன்றுதான், அகலம் வேறு, அதனால் மாற்றி மாட்டக் கூடாது. அடுத்து ஸ்ப்ளைன், அதாவது நடுத் துளைக்குள் இருக்கிற வரிப் பற்கள். பெயர் இல்லாத ஒரு மலிவு ஸ்ப்ராக்கெட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்ப்ராக்கெட் உட்காருகிற கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தேன். மலிவானது கையால் ஆட்டினால் முன்னும் பின்னும் டக் டக் என்று சுழல் ஆட்டம் கொடுத்தது, பல்லின் ஓரங்களில் பிசிறும் இருந்தது. ரப்பர் ஒட்டியது விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, சுழல் ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது பல வண்டிகளில் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுழல் ஆட்டம் இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது தேய்க்கப்போவது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டை. ஸ்ப்ராக்கெட் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஷாஃப்ட் போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

ரப்பர் நிஜமாகவே வேலை செய்கிறதா? செய்கிறது. செயினின் பக்கத் தகடுகள் வந்து இறங்குகிற இடத்தில் அந்த ரப்பர் வாங்கிக்கொள்வதால் மூன்றாவது, நான்காவது கியரில் வருகிற அந்தச் சிணுங்கல் நன்றாகவே குறைந்திருக்கிறது. பல் குறைந்தால் சத்தம் கூட வேண்டும், ஏனென்றால் செயினின் ஒவ்வொரு கண்ணியும் 24 டிகிரிக்குப் பதில் 25.7 டிகிரி மடங்குகிறது. அப்படியிருந்தும் பழையதை விட அமைதியாக ஓடுகிறது.

மாட்டுவது கடினமான வேலை இல்லை, ஆனால் வரிசை முக்கியம். செயின் இறுக்கத்தில் இருக்கும்போதே, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்க, நட்டு தானாகக் கழலாமல் பிடிக்கிற லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு நட்டைத் தளர்த்திவிடுங்கள். பின் சக்கர ஆக்சிலை முதலில் தளர்த்திச் செயினைக் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. வாஷர் புதிதாகப் போடுங்கள், நட்டை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்குங்கள். கவரைத் திறந்தவுடன் உள்ளே கெட்டியாக அப்பியிருக்கும் கிரீஸும் மண்ணும் கலந்த களிம்பை முழுதாக வழித்து எடுத்துவிடுங்கள், இப்போது விட்டால் மறுபடி அதை யாரும் திறக்கப்போவதில்லை. முன்னால் ஒரு பல் குறைந்தால் அதே செயினுக்கு ஆக்சில் சுமார் 4 மில்லிமீட்டர் பின்னால் போகும். அட்ஜஸ்டரில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், பழைய நீண்ட செயின் என்றால் இருக்காது. பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மின் ரப்பர் பட்டைக்குச் செயின் இரண்டரை மில்லிமீட்டர் நெருங்கும், அதனால் அந்தப் பட்டையின் தேய்மானத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும்.

இதே மாற்றத்தைப் பின்னால் செய்தால் என்ன? 15/48 போட்டால் 3.2, கிட்டத்தட்ட அதே கணக்கு. செயினுக்கு அது நல்லது, ஏனென்றால் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் அதே எஞ்சின் டார்க்குக்குச் செயின் வாங்குகிற இழுப்பும் 7 சதவீதம் கூடுகிறது, மடிப்பும் கூடுகிறது, தேய்மானம் வேகமாகும். ஆனால் பின்னால் மூன்று பல் கூட்டினால் ஆக்சில் 12 மிமீ முன்னால் வர வேண்டும், இடம் இல்லையென்றால் நீளமான செயின், செலவும் அதிகம். செயின் செட் முழுசும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டவர்கள் 15/48 போடட்டும். பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு முன் ஸ்ப்ராக்கெட் போதும். முன்னால் 13-க்கு இறங்குவதை மட்டும் சாலையில் ஓட்டுகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மாதக் கணக்கில் ஓடிய பிறகு கவரைக் கழற்றிப் பார்த்தேன். பற்கள் கொக்கி போல் வளையவில்லை, ரப்பர் எங்கும் பிரியவில்லை, செயின் தகடு பதிந்த தடம் மட்டும் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் ஒன்று விட்டு ஒரு பல்லில் பளபளப்பு வேறு மாதிரி இருந்தது. 14 இரட்டைப்படை, செயினிலும் உள் கண்ணி வெளிக் கண்ணி என்று மாறி மாறி வருவதால் ஒரு பல்லுக்கு எப்போதும் உள் கண்ணியே வரும், பக்கத்துப் பல்லுக்கு எப்போதும் வெளிக் கண்ணி. 15 ஒற்றைப்படை என்பதால் அங்கே இது தானாகவே கலந்துவிடும். அதனால் 14 போட்டவர்கள் எதற்காவது கவரைத் திறக்கும்போது செயினை ஒரு பல் தள்ளி மாட்டிவிடுங்கள், தேய்மானம் சமமாகும். கழற்றிய 15-ஐ எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். நீண்ட பயணம் வந்து அதைத் திரும்ப மாட்டுகிறவர்கள், செயின் இதற்குள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மேனுவலில் உள்ளபடி கண்ணிகளை எண்ணி அளந்துவிட்டு மாட்டுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.