780 பவுண்டு போச்சு: கவசம் ஆர்டர் கொடுக்கிறவங்க முதல்ல இதைப் படிங்க

நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. ஆத்திரத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

நான் இருக்கிறது இங்கிலாந்தோட வடபக்கம். ரெண்டு வருஷமா பூகர்ட் பயிற்சிக்குப் போறேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: ஐரோப்பாவோட இடைக்கால வீரர்கள் மாதிரி முழு இரும்புக் கவசம் மாட்டிக்கிட்டு, மழுங்கின வாளும் கோடாலியுமா மோதுற விளையாட்டு. நாடகச் சண்டை கிடையாது, அடி நிஜமாவே விழும். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் இறங்குவாங்க, கீழே விழுந்தா அவுட். 2010ல உக்ரைன்ல கோட்டின் கோட்டையில நாடுகளுக்கு இடையிலான பெரிய போட்டி நடந்ததுக்கு அப்புறம்தான் இது நல்லாப் பரவுச்சு. கவசம் மட்டுமே 25, 30 கிலோ வரும்.

இதுவரைக்கும் கிளப்புல இருக்கிற கவசத்தைத்தான் வாங்கி மாட்டிக்கிட்டிருந்தேன். அந்தத் தலைக்கவசம் எனக்கு லொடலொடன்னு ஆடும். சொந்தமா ஒரு தலைக்கவசமும் இரும்புக் கையுறையும் வாங்கணும்னு ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு 780 பவுண்டு.

என்னை ஏமாத்தின ஆள் யாருன்னா, வெளிநாட்டுப் பட்டறையில செஞ்சு வாங்கித் தர்றேன்னு சமூக ஊடகப் பக்கத்துல ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட். பேர் போட வேண்டாம்னு வக்கீலா இருக்கிற நண்பர் சொல்லிட்டார்.

நான் விழுந்தது அந்த வீடியோ காலில்தான். நெத்திச் சுற்றளவு, தாடையில இருந்து உச்சி வரைக்கும்னு ஒவ்வொண்ணாக் கேட்டு, பஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். அவ்வளவு பொறுப்பா யாரும் கேட்டதில்ல. அப்புறம் ஒரு தலைக்கவசத்தைக் கையில எடுத்து, தகட்டோட தடிமன் அளக்கிற வெர்னியர் கருவியை வெச்சு 2.5 மில்லிமீட்டர்னு காட்டினார். "டெம்பர் பண்ணின ஸ்டீல், அதாவது சூடாக்கி உறுதியேத்தினது. தலை விஷயத்துல காசு பார்க்காதீங்க பிரதர்"னார். நானும் அதையேதான் புதுசா வர்ற பசங்ககிட்ட சொல்வேன். நம்பிட்டேன். பணம் அனுப்புற செயலியில "நண்பர்கள், குடும்பத்தினர்"னு போட்டு அனுப்பினா கமிஷன் மிச்சம், அந்தக் காசுக்கு உள்மெத்தை இலவசம்னார். அன்னைக்கே 780 பவுண்டும் அனுப்பினேன்.

எட்டு வாரம்னு சொன்னது 23வது வாரம்தான் வந்துச்சு. நடுவுல பட்டறை மாஸ்டருக்குக் காய்ச்சல், கஸ்டம்ஸ்ல நிக்குது, நாளைக்கு ட்ராக்கிங் நம்பர் தர்றேன். அதையெல்லாம்கூட விட்டுடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குத் தூக்கிட்டுப் போனேன். கவசம் சோதிக்கிற மார்ஷல் முகத்தகட்டோட விளிம்புல வெர்னியரை வெச்சார். 1.4. நாலு இடத்துல வெச்சார், அதேதான். அரம் எடுத்து ஒரு மூலையில தேய்ச்சார். டெம்பர் பண்ணின ஸ்டீலா இருந்தா அரம் இவ்வளவு சுலபமாப் பிடிக்காது. இது வெண்ணெய் மாதிரி சீவிக்கிட்டு வந்துச்சு. வெறும் மைல்டு ஸ்டீல், உறுதியேத்தாத சாதாரண இரும்பு. அப்புறம் மரக்கட்டையில மாட்டி நீளக் கோடாலியால ஒரே ஒரு அடி. உச்சி நசுங்கிடுச்சு. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், இரும்பு மெத்தையை அழுத்திக்கிட்டு புடைச்சு நின்னுச்சு. அந்த இடத்துல என் தலை இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோ காலோட பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஏஜென்ட் வெர்னியர் வெச்சது கழுத்தோரம், மேல இன்னொரு பட்டை வெச்சு ரிவெட் அடிச்ச இடத்துல. ரெண்டு தகட்டைச் சேர்த்து அளந்து 2.5ன்னு காட்டியிருக்கார்!

கேட்டா, "அடிச்சு வளைக்கும்போது தகடு மெலியத்தான் செய்யும்"னு பதில். குழிச்சு அடிக்கிற உச்சியில மெலியும், சரி. விளிம்பு எப்படி இவ்வளவு மெலியும்? அடுத்து, "நீங்களே அடிச்சு உடைச்சுட்டு ரீஃபண்ட் கேட்கிறீங்க". அதுக்கப்புறம் பதிலே இல்ல. பணம் அனுப்பின செயலிக்காரங்களும் தெரிஞ்சவருக்கு அனுப்பினதா நீங்களே போட்டிருக்கீங்க, பாதுகாப்பு கிடையாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. 780 பவுண்டு!

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியல. சுருக்கமா: தனித்தகடு தெரியிற விளிம்புல அளந்து காட்டச் சொல்லுங்க. பார்சல் வந்ததும் அளவை போட்டோ எடுத்து அனுப்பிட்டு அப்புறம் அடிச்சுப் பாருங்க, நான் அவசரப்பட்டுட்டேன். "நண்பர்கள், குடும்பத்தினர்"னு மட்டும் எந்தக் கடைக்கும் அனுப்பாதீங்க. இங்கிலாந்துல இருக்கிறவங்க கடைக்கு நேரா கிரெடிட் கார்டுல கட்டுங்க. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல, 30,000 வரைக்கும்னா 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75வது பிரிவுல பேங்கையும் கேட்க வழி இருக்கு.

அந்த வீடியோ என்கிட்ட பத்திரமா இருக்கு. கழுத்தோரத்துல வெர்னியர் வெச்சுக் காட்டின வீடியோ வேற யாருக்காவது வந்திருந்தா உள்பெட்டிக்கு வாங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.