பிஆர்பி ஊசி போட்டு இரண்டு வருடம்: முழங்கை இப்போது எப்படி இருக்கிறது?

எனக்குத் தையல் தொழில். பெரிய கத்தரியைப் பிடித்துப் பிடித்து வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டென்னிஸ் எல்போவாம். ஈரத்துணி பிழிய முடியாது, தோசைக்கல்லைத் தூக்க முடியாது.

முதலில் ஸ்டீராய்டு ஊசி. ஒரே வாரத்தில் வலி போனது, தீபாவளித் தையலும் முடிந்தது. பொங்கலுக்குள் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் இப்படி இல்லை. 2013ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு போட்டவர்கள், மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

அப்புறம்தான் பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா. டெங்கு வந்தால் எண்ணிக்கை பார்ப்பார்களே, அதே பிளேட்லெட்தான். நம் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் வேகமாகச் சுற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் ஏற்றுகிறார்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் நைந்த நாணை ஆற்றும் என்பது கணக்கு. அன்று இரவு வலி உயிர் போனது. டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள் கூடாது என்றுவிட்டார்கள். ஆறத் தொடங்குவதற்கே அழற்சி வேண்டுமாம், அதை அவை அடக்கிவிடுமாம். பாராசிட்டமால் மட்டும். செலவு முழுக்கக் கைக்காசு, காப்பீட்டில் தரவில்லை.

முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. பிசியோதெரபி தொடங்கினேன். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்கச் சின்ன எடையைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக இறக்க வேண்டும். ஏற்றும்போது மட்டும் இடது கை உதவலாம். கத்தரியையும் இலகுவானதாக மாற்றினேன். மூன்றாம் மாத வாக்கில் தோசைக்கல் கைக்கு வந்தது. இப்போது சீசன் நேரத்தில் லேசாக முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

சரி, குணமாக்கியது ஊசியா? என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. டென்னிஸ் எல்போ பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே அடங்கும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2021ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், முழங்கை வலிக்குப் பிஆர்பி போலி ஊசியைவிடப் பெரிதாக எதுவும் செய்வதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. என் ஓட்டு பயிற்சிக்குத்தான்.

நாத்தனாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். மூன்று பிஆர்பி ஊசி சேர்த்துப் போட்டால் சலுகை என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்களாம். அதே 2021ல் 288 பேரிடம் நடத்திய முழங்கால் ஆய்வு வெளியானது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும், போலியாகப் போட்ட உப்புநீர் ஊசிக்கும் பிஆர்பிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முன்பணம் கட்ட வேண்டாம், முதலில் தொடைத் தசைப் பயிற்சியைப் பிடியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.