மூன்று பெட்டி குடும்பக் கல்லறை: ஆர்க்கிடெக்ட் ட்ராயிங் விமர்சனம்

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சவப்பெட்டிகள் வைக்கும் நிலவறைக்கு ஆர்க்கிடெக்ட் தந்த ஒன்பது தாள்கள் இவை. எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) அழகு, வடிகால் தாள் அருமை. ஆனால் இப்படியே கொத்தனார் கையில் கொடுக்க முடியாது. குடும்பக் கல்லறை கட்டி முடித்ததோடு நிற்பதில்லை. ஒவ்வொரு இறப்புக்கும் திறந்து மூட வேண்டும், அதுவும் துக்கத்தில் நிற்கும் வீட்டார் கண்முன்னே. எப்படித் திறப்பது என்பது எந்தத் தாளிலும் இல்லை.

பிளானில் (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) உள் அகலம் 90 செ.மீ. பெட்டி கைப்பிடியோடு 75 செ.மீ என்றால் தாராளம்தான். செக்‌ஷனைப் பாருங்கள், அதாவது நிலவறையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் தாளை: பெட்டிகளுக்கு நடுவே வரும் ஸ்லாப்கள் உட்கார இரு பக்கச் சுவரிலும் 5 செ.மீ விளிம்பு நீட்டியிருக்கிறது. ஆக, அடிப்பெட்டி இறங்கும் வழி 80 செ.மீதான். பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் பெட்டி கொஞ்சம் சாய்ந்தாலே கைப்பிடி விளிம்பில் மாட்டும். பெட்டியை இறக்கிய பட்டையை உருவுவதும் பெரும்பாடு. விளிம்பை எடுத்துவிட்டு, கீழ்ப்பெட்டி இறங்கியபின் போல்ட் போட்டு மாட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆங்கிள் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து அளவைக் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேல்கல் 2.7 × 1.2 மீட்டர், 8 செ.மீ கனம், இணைப்பே இல்லாத ஒரே கிரானைட். கன மீட்டருக்கு 2,700 கிலோ என்று போட்டால் சுமார் 700 கிலோ வருகிறது. கிரேன் வேண்டும், அது வந்து நிற்க இடம் உண்டா என்று சைட் பிளான் சொல்லவில்லை. மூன்று துண்டாக்கினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 233 கிலோ, மூன்று கால் தூக்குச் சட்டமும் செயின் பிளாக்கும் (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி) போதும். இணைப்புகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும் என்று ட்ராயிங்கிலேயே எழுதி வாங்குங்கள். சிமெண்ட் பூசினால் அடுத்த முறை திறக்கும்போது கலவை விடாது, கல்லின் ஓரம்தான் பெயரும்.

முகப்பில் படிப்படியாக உள்வாங்கும் 5.5 செ.மீ விளிம்புகள், இத்தாலியில் கார்லோ ஸ்கார்ப்பா வடிவமைத்த பிரியோன் கல்லறையின் சாயல். அந்த ஆசை புரிகிறது. ஆனால் ஒவ்வொரு படியும் மழைநீர் தங்கும் இடம். ஸ்கார்ப்பாவின் கான்கிரீட்டும் கறுத்துப்போய் விரிவான சீரமைப்பு தேவைப்பட்டது. படிகளின் மேற்பரப்புக்கு வெளிச்சாய்வும், நீட்டிய கல்லின் அடியில் மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டிவிட 1 செ.மீ நீர்சொட்டுக் காடியும் 1:5 அளவில் (நிஜ அளவில் ஐந்தில் ஒன்று) வரைந்து தரச் சொல்லுங்கள்.

வடிகால் தாளில் உண்மையான அனுபவம் தெரிகிறது. அடித்தள ஸ்லாப்பைச் சுவருக்கு வெளியே 20 செ.மீ நீட்டி, மேலே நிரம்பும் மண்ணின் எடையால் நிலவறை மிதக்காமல் பிடித்திருக்கிறார். பலர் கோட்டைவிடும் இடம் இது. அடியைத் தாண்டி நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஏறினால் இந்த அளவு நிலவறையை 3 டன்னுக்கு மேல் தூக்கும். வலை மூடிய 50 மி.மீ காற்றுக்குழாயும் உண்டு. கல்லைப் பிடிக்கும் ஊசிகளுக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு துருவேறி உப்பிக் கல்லையே பிளந்துவிடும்.

பெயர்ப்பலகையில் ஒரே ஒரு பெயர், அதுவும் நட்ட நடுவில். மூன்று பெயருக்கும் இப்போதே 1:1 அளவில் (நிஜ அளவிலேயே) இடம் பிரிக்க வேண்டும். கீழ்வரி தரையிலிருந்து 30 செ.மீக்குக் குறைந்தால், பின்னாளில் நிற்கும் கல்லில் செதுக்க வருபவருக்குக் கை வீச இடமிருக்காது.