வென்டிலேட்டர் நோயாளியின் வாய்: பிரஷ்ஷா, மருந்துத் தண்ணீரா?

வைரஸ் நிமோனியா முற்றி, தொண்டையில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு வாயைச் சுத்தம் செய்ய ஐசியுவில் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தில் பஞ்சை நனைத்து வாய் முழுக்கத் துடைத்துவிடுவது. இன்னொன்று, சின்ன பிரஷ்ஷால் பல் தேய்த்துக்கொண்டே சக்ஷன் வைத்து உறிஞ்சி எடுப்பது. செவிலியராக இரண்டையும் வருஷக்கணக்கில் செய்திருக்கிறேன். இப்போது நான் பிரஷ் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

மருந்துத் தண்ணீரின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு நிமிஷத்தில் வேலை முடியும், ஒரே ஆள் போதும், நோயாளி அதிகம் இருமமாட்டார். கோவிட் முதல் அலையில் எங்கள் பிரிவில் பிரஷ் நின்றுபோனதற்கு இதுதான் காரணம். வாயைத் திறந்தாலே வைரஸ் தெறிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு இரவு ஷிஃப்ட்டில் நிற்பவரிடம், பத்து நிமிஷம் நோயாளியின் வாய்க்கு நேராகக் குனிந்து பல் தேய்க்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அப்படி ஒரு நாள், வீடியோ காலில் ஒரு நோயாளியின் மகள் கேட்டார்: “அம்மா பல்லு ஏன் சிஸ்டர் இப்படி இருக்கு? தினமும் தேய்க்கிறீங்களா?”

“மருந்து வச்சுத் துடைக்கிறோம்மா” என்றேன். சொன்னது உண்மை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் துடைத்திருந்தேன்.

போனை வைத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் பல்லின் முன்பக்கம் பரவாயில்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கம், டியூப் சாய்ந்திருந்த ஓரத்தில், சாம்பல் வெள்ளையில் கெட்டியாக ஒரு படலம். ஈரமாக இருந்தது, மருந்து வாசனையும் வந்தது, ஆனால் படலம் அப்படியே இருந்தது. குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் ஒன்றால் ஓரத்தைத் தொட்டதும் தோல் உரிவதுபோலப் பெயர்ந்து வந்தது. உள்ளே ஈறு சிவந்து கிடந்தது.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பிடித்த பாசிமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பல்லில் படிவதும் அதே மாதிரி ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வளரும் பாக்டீரியாக் கூட்டம்தான். கிருமிநாசினி மேலடுக்கைக் கொல்லும், அடியில் இருப்பதை எளிதில் தொடாது. சாதாரணமாக இருக்கும்போது மெல்வதும் பேசுவதும் எச்சிலும் சேர்ந்து பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. டியூப் போட்டவர் மெல்வதும் இல்லை, பேசுவதும் இல்லை, எச்சிலும் வாயைச் சரியாகக் கழுவுவதில்லை. வாய் திறந்தே கிடந்து காய்கிறது. வழக்கமாக வாயில் இருக்கும் கிருமிகளின் இடத்தை, இரண்டு மூன்று நாட்களிலேயே நுரையீரலைத் தாக்கக்கூடிய மோசமான கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன.

அங்கிருந்து நுரையீரல் ரொம்பத் தூரமில்லை. டியூப்பைச் சுற்றி ஊதி வைத்திருக்கும் கஃப் என்ற சின்ன பலூன் முழு அடைப்பு இல்லை, மேலே தேங்கும் எச்சில் அதன் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். வைரஸ் ஏற்கெனவே மூச்சுப்பாதையின் உள்தோலை அரித்து வைத்திருப்பதால், இறங்கும் பாக்டீரியாவுக்கு வழி திறந்தே கிடக்கிறது. 1918 இன்ஃப்ளுயன்ஸாவில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது, வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான். அன்று வென்டிலேட்டர் கிடையாது. இன்று டியூப் போட்டு 48 மணி நேரம் கடந்த பிறகு வரும் நிமோனியாவுக்கு ‘வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா’ என்று தனிப் பெயரே வைத்து ஒவ்வொரு ஐசியுவும் கணக்கெடுக்கிறது.

ஆய்வுகளும் மெதுவாக இதே பக்கம் வந்து சேர்ந்தன. குளோர்ஹெக்சிடின் பல வருஷம் கேள்வியில்லாமல் ஓடியது. 2014-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தவிர மற்ற வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு அதனால் தெளிவான பலன் இல்லை என்றது. இறப்பைக் கொஞ்சம் கூட்டுகிறதோ என்ற சந்தேகத்தையும் கிளப்பியது. கனடாவில் டொரன்டோவின் ஆறு ஐசியுக்களில் அந்த மருந்தை நிறுத்திவிட்டு முறையான வாய்ப் பராமரிப்பைக் கொண்டுவந்து பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வாயின் நிலை மட்டும் மேம்பட்டிருந்தது. 2022-இல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி பல் தேய்ப்பதை அடிப்படை நடவடிக்கையாகச் சேர்த்தது, குளோர்ஹெக்சிடினைப் பரிந்துரைக்கவில்லை. 2023 டிசம்பரில் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பாய்வில், பல் தேய்த்தவர்களிடம் மருத்துவமனையில் இருக்கும்போது வரும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐசியு இறப்பும் குறைவு. முக்கியமாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை தேய்த்தாலும் மூன்று முறை தேய்த்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் பற்றாக்குறையில் ஓடும் பிரிவுக்கு இது பெரிய ஆறுதல்.

போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி பற்றியும் உறவினர்கள் கேட்கிறார்கள். வாயில் உள்ள வைரஸைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கலாம். நுரையீரலில் இருப்பதற்கு அது சிகிச்சை ஆகாது.

பிரஷ் என்று முடிவு செய்தால், செய்யும் விதத்தில் சோம்பல் கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி, கஃப் அழுத்தம் 20-க்கும் 30 செ.மீ. தண்ணீர் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் தொட வேண்டும். டியூப் உதட்டில் எத்தனையாவது சென்டிமீட்டர் கோட்டில் நிற்கிறது என்று முன்பும் பின்பும் வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். ஒருவர் டியூப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தேய்க்க வேண்டும். முதலில் தொண்டையில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டு, மென்மையான சின்ன பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து, ஒவ்வொரு பல்லாக, பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே சக்ஷன் முனை இருக்கும்படி தேய்க்க வேண்டும். தண்ணீர் சொட்டுக் கணக்கில் போதும். பேட்டரியில் ஓடும் பிரஷ் தெறிக்கும் என்பதால் நாங்கள் தொடுவதில்லை. பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு குளோர்ஹெக்சிடினும் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நுரைக்கும் பேஸ்ட் அந்த மருந்தைச் செயலிழக்க வைத்துவிடும். தெறிப்புப் பயம் நியாயமானதுதான். அதற்கு என்95 முகக்கவசமும் முகத்திரையும் போட்டுக்கொண்டு செய்கிறோம்.

பஞ்சு முனை வைத்த குச்சியை நான் அடியோடு ஒதுக்கவில்லை. உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்த அது நல்லது, படலத்தைப் பெயர்க்காது என்பதுதான் குறை. பஞ்சு கழன்று தொண்டைக்குள் போகாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்ப்பது அவசியம்.

எங்கே நான் தயங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) ரொம்பக் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருப்பவர்கள், உதட்டிலும் நாக்கிலும் ஹெர்பீஸ் கொப்புளம் வெடித்தவர்கள் இவர்களுக்கு ஈரத் துணியோ பஞ்சோதான் கையில் எடுக்கிறேன். தேய்க்கலாமா என்று அன்றன்று டாக்டரிடம் கேட்டே முடிவு. எக்மோவில், அதாவது உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரத்தில் இருக்கும் நோயாளிகளை நான் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அங்கே என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக்சிஜன் அளவு ஏறுவதற்காகக் குப்புறப் படுக்க வைத்தவர்களுக்கு 16 மணி நேரம் வாய்க்குள் பிரஷ்ஷைக் கொண்டுபோவதே சிரமம். திருப்பிப் போடுவதற்கு முன்பும், மல்லாக்கப் படுக்க வைத்த உடனேயும் என்று நேரத்தை மாற்றிக்கொண்டோம். உதடு வீங்கி, பல்லுக்கும் டியூப்புக்கும் நடுவில் நாக்கு கடிபட்டிருப்பதை அப்போதுதான் கவனிக்க முடிகிறது.

ஆடும் பல் இருந்தால் பிடுங்கிவிடலாமா, காத்திருக்கலாமா என்பது தனி விவாதம். நான் பார்த்த பல் டாக்டர்கள் பெரும்பாலும் காத்திருக்கவே சொன்னார்கள். இரத்தக் கசிவு பயம், ஆக்சிஜன் அளவு, நோயாளியைப் பல் நாற்காலி வரை நகர்த்தும் ஆபத்து எல்லாம் சேர்ந்த முடிவு அது. விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற நிலையில் உள்ள பல், சீழ் கட்டி உடம்பெங்கும் தொற்றைப் பரப்பும் பல் இரண்டுக்கும் மட்டும் படுக்கையிலேயே வைத்து எடுத்தார்கள். டிரில்லும் அல்ட்ராசானிக் கருவியும் இல்லாமல், கையால் மட்டும்.

தினமும் டார்ச் அடித்துத் தேய்ப்பதில் இன்னொரு பயனும் கிடைத்தது. 2021-இல் இந்தியாவில் கோவிட்டைத் தொடர்ந்து மியூகோர் என்ற கறுப்புப் பூஞ்சை பரவியபோது, சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நேற்று உறுதியாக இருந்த மேல் பல் இன்று பிரஷ் பட்டதும் அசைவதும், அண்ணம் வெளிறியோ கறுத்தோ தெரிவதும் அதன் ஆரம்ப அடையாளங்களில் சில. பஞ்சால் துடைக்கும்போது பல் அசைவது கைக்குத் தெரியாது. இந்த அடையாளங்களில் ஏதாவது தெரிந்தால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே டாக்டருக்கும் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் போன் போட வேண்டும்.